விசாரிப்பதற்குத்தான் உங்களை நியமித்திருக்கிறார்கள்

கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களே, அலுவலர்களே, மாணவப் பிரதிநிதிகளே,



ஜூன் மாதம் முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். விளையாட்டுக் குழு, நூலகக் குழு, கேண்டீன் குழு, ஆண்டுவிழாக் குழு என்று வரிசையாகப் போய், கடைசிக்குச் சற்று முன்னால் 'உள்ளகப் புகார்க் குழு' என்று இருந்திருக்கும். எதிரே உங்கள் பெயர். யாரும் உங்களிடம் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். போய் விசாரித்தால், "நாக் டீம் வர்றாங்க மேடம், ஃபைல்ல பேர் இருக்கணும், அவ்வளவுதான். நம்ம காலேஜ்ல அந்த மாதிரி எதுவும் வராது" என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருப்பீர்கள்.

பிறகு ஒரு நாள், கடைசி பீரியட் முடிந்து எல்லாரும் போனபின், ஒரு மாணவி ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கி நிற்பாள். "மேம், ஒரு நிமிஷம் பேசலாமா?" அந்த நாளுக்காகத்தான் இந்த மடல்.

நான் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு பெண்கள் அமைப்பின் சார்பில் சில கல்லூரிகளின் குழுக்களில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். (வெளி உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் படி என்கின்றன பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகள். மூன்றடுக்கு ஏ.சி. ரயில் கட்டணமும் உண்டாம். அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) கெட்ட எண்ணத்தோடு குழுவில் உட்கார்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நல்லவர்கள்தான். ஆனால் தங்கள் வேலை எது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் காலேஜின் பெயரைக் காப்பாற்றுவது தங்கள் வேலை என்று நினைக்கிறார்கள். சிலர் பெண்ணின் எதிர்காலத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறார்கள். வேறு சிலருக்கு, இருபது வருடம் கூட வேலை பார்த்த சகாவின் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாதே என்ற கவலை. இந்தக் கவலைகள் நிஜமானவை. ஆனால் எதுவும் உங்கள் வேலையில்லை. விசாரிப்பது உங்கள் வேலை. நடந்ததா, இல்லையா, எந்த அடிப்படையில் அப்படிச் சொல்கிறீர்கள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. தண்டிப்பதுகூட நிர்வாகத்தின் வேலைதான், நீங்கள் பரிந்துரைப்பீர்கள்.

பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் இந்தக் குழுவுக்குக் கல்லூரிகளில் இன்றும் 'விசாகா கமிட்டி' என்றுதான் பெயர். 1992-ல் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். வேலையின் காரணமாக ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததற்கு வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா என்ற கேள்வியோடு 'விசாகா' என்ற அமைப்பும் வேறு சில அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போனதில், 1997 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிகள் பிறந்தன. அவை சட்டமாக இன்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று யு.ஜி.சி. தனியாக எழுதிய விதிமுறைகள் 2015 என்று பெயர் பெற்று, 2016 மே மாதம் அரசிதழில் வந்தன. இந்த இரண்டையும் படிக்காத உறுப்பினர் தயவுசெய்து விசாரணைக்கு உட்காராதீர்கள். இரண்டும் சேர்த்து ஒரு மாலை நேரத்துக்கு மேல் பிடிக்காது.

படித்தால் முதலில் தெரிவது, உங்கள் குழுவே செல்லுமா என்பதுதான். தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். கல்லூரி என்றால் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையக் கூடாது. ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், வெளி உறுப்பினர் ஒருவர். விவகாரம் மாணவர் தொடர்பானது என்றால், தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த மாணவர் மூவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்கிறது யு.ஜி.சி. ஆனால் நடப்பில் எச்.ஓ.டி.க்கள் நிரம்பிய குழுக்கள்தான் அதிகம். தாளாளரின் மருமகளே தலைவராக உட்கார்ந்திருந்த குழுவையும் பார்த்திருக்கிறேன். மாணவப் பிரதிநிதி என்றால் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையாகப் பார்த்து ஆசிரியரே எழுதிக்கொள்வது வழக்கம். இப்படி அமைந்த குழு எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும், நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்விக்கே விழுந்துவிடும். விழுந்தால் இழப்பு புகார் கொடுத்த பெண்ணுக்குத்தான்.

இப்போது வாசலில் நிற்கும் மாணவிக்கு வருவோம்.

அவள் வாயால் சொல்வாள். நீங்கள் கேட்டுவிட்டு, "சரிம்மா, எழுத்துல குடு, பார்க்கலாம்" என்பீர்கள். பத்தில் எட்டுப் புகார்கள் அந்த வாசலிலேயே செத்துப்போகின்றன என்று என்னால் கணக்குக் காட்ட முடியாது. பார்த்த அளவில் அப்படித்தான் தோன்றுகிறது. எழுத முடியாத நிலையில் இருப்பவருக்குப் புகாரை எழுத்தில் கொண்டுவரக் குழுவே உதவ வேண்டும் என்பது சட்டத்தின் 9-வது பிரிவிலேயே இருக்கிறது. அதாவது பேப்பரையும் பேனாவையும் எடுத்து நீங்கள் உட்கார வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம், என்ன பேசினார், என்ன செய்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், அதன்பின் யாரிடம் சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் சொற்களிலேயே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் 'அசிங்கமா பேசினார்' என்றால் 'தகாத முறையில் உரையாடினார்' என்று நீங்கள் நாகரிகப்படுத்தக் கூடாது. என்ன அசிங்கம் என்பதுதான் வழக்கு.

அடுத்து அந்தக் காகிதம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு கல்லூரியில் நான் கண்டது. புகாரை மாணவி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாள். எழுத்தர் தன் கடமையை ஒழுங்காகச் செய்தார்: தபால் பதிவேட்டில் வரிசை எண், தேதி, அனுப்புநர் கட்டத்தில் மாணவியின் பெயரும் வகுப்பும், பொருள் கட்டத்தில் 'பாலியல் தொந்தரவு – இயற்பியல் துறை'. அந்தப் பதிவேடு கவுன்ட்டரில், ஃபீஸ் கட்ட வருகிற எவர் கண்ணிலும் படும்படி விரித்தே கிடக்கும். மாலைக்குள் ஹாஸ்டல் மெஸ் வரை செய்தி போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு உறை, அதன்மேல் 'தலைவர், உள்ளகப் புகார்க் குழு – நேரில் திறக்கவும்' என்ற ஒரு வரி, பதிவேட்டில் 'மூடிய உறை' என்ற இரண்டு சொல் போதுமாயிருந்தது. ரகசியம் காப்பது சட்டத்தின் 16-வது பிரிவு. மீறியவரிடம் 5,000 ரூபாய் வசூலிக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பெண் அனுபவித்ததற்கு அது ஈடா என்பதை நீங்களே யோசியுங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். போலீஸ் ஸ்டேஷன் காகிதத்துக்கே அந்தக் கதி என்றால், கல்லூரி ஆபீஸ் காகிதத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

வயதைக் கேளுங்கள். பிளஸ் டூ முடித்து வரும் முதலாண்டு மாணவிக்குப் பல நேரம் 17 வயதுதான் ஆகியிருக்கும். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் விவகாரம் போக்சோ சட்டத்துக்குள் போகிறது. போலீசுக்குத் தகவல் சொல்வது உங்கள் விருப்பத்தைப் பொறுத்த காரியமில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. இதைச் சொன்னதும் முகம் வெளுத்த முதல்வர்கள் உண்டு.

தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவு செய்து இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தக் கணக்கு எவ்வளவு கொடுமையானது என்பதற்குக் கொல்கத்தாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழக வழக்கு இருக்கிறது. துணைவேந்தர் மேல் ஓர் ஆசிரியை புகார் கொடுத்தார். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் அதே ஆண்டு டிசம்பர். கெடு தாண்டிவிட்டது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் பயோடேட்டாவில் என்றைக்கும் இடம்பெறச் செய்ய வேண்டும் என்று கூடவே உத்தரவிட்டது. சட்டம் படித்துச் சட்டமே கற்பிக்கும் ஒருவருக்கே கெடு தவறுகிறது என்றால், கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மூன்று மாதத்தில் பாதி, பரீட்சையும் செமஸ்டர் லீவும்தான். ஆகவே அவள் முதன்முதலில் வாய்திறந்த தேதியை எழுதுங்கள். தாமதத்துக்கு அவள் சொல்லும் காரணத்தை எழுதுங்கள். "ஏன் அப்பவே சொல்லல?" என்பதைக் குற்றச்சாட்டாகக் கேட்காமல், நீட்டிப்பு கொடுப்பதற்கான கேள்வியாகக் கேளுங்கள்.

பேசித் தீர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் இது ரத்தத்தில் ஊறியது. பெற்றோரை வரவழைத்து, "பொண்ணு பேரு கெட்டுப்போயிடும்ங்க, நாளைக்கு நல்லது கெட்டது நடக்கணும்ல" என்று அப்பாவிடம் சொல்லி, அவர் தலைகுனிந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவதை எத்தனை முறை பார்த்திருப்போம். சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் புகார் கொடுத்தவர் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதற்கு இடமே இல்லை. நீங்களாக அந்தப் பேச்சை எடுத்தால் அன்றோடு நீங்கள் விசாரணைக் குழு இல்லை, பஞ்சாயத்து.

இனி எதிர்த்தரப்பு. இதில்தான் நல்லெண்ணம் மிகுந்த குழுக்கள் அதிகமாகச் சறுக்குகின்றன.

கோவா பல்கலைக்கழகத்தில் 2009 மார்ச்சில் ஒரு துறைத் தலைவர்மீது மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு மாணவிகளின் பக்கம் அக்கறையோடுதான் இருந்தது. தொடக்கத்தில் இடைவெளி விட்டு நடந்த விசாரணை, மே மாதத்தில் அடுத்தடுத்த நாட்களில் அவசர அவசரமாக ஓடியது. உடல்நலமில்லை என்று அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுக்கவில்லை. அவர் இல்லாமலேயே முடித்து ஜூன் 5-ஆம் தேதி அறிக்கை கொடுத்தார்கள். 2010-ல் பணிநீக்கம். 2012-ல் மும்பை உயர் நீதிமன்றம் பணிநீக்கம் சரி என்றது. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து, 2009 மே 5-ஆம் தேதி எந்தக் கட்டத்தில் இருந்ததோ அங்கிருந்து மறுபடி விசாரியுங்கள் என்று குழுவுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அந்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். இருபது வயதில் எழுந்து நின்று சொன்னதை, முப்பத்தைந்தை நெருங்கும்போது மீண்டும் வந்து சொல் என்கிறார்கள். அவர் குற்றவாளி இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விசாரித்த விதம் சரியில்லை என்றது, அவ்வளவுதான். சில வாரத் தவணை கொடுக்க மனமில்லாத குழுவால் பதினான்கு வருடம் போயிற்று.

எனவே புகாரின் நகலை ஏழு நாளுக்குள் அவருக்குக் கொடுங்கள். பதில் சொல்லப் பத்து நாள் விடுங்கள். அவர் தரப்புச் சாட்சிகளையும் கூப்பிடுங்கள். அவர் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதி வாங்கி, மாணவியை அவர் முகத்துக்கு நேரே உட்காரவைக்காமல் நீங்கள் கேட்கலாம். வக்கீலை இரு தரப்பும் கூட்டிவர முடியாது. தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராமல் டிமிக்கி கொடுத்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்தபின் ஒருதலையாக முடிக்கலாம். தலைவர் உட்பட மூன்று பேர் இல்லாமல் அமர்வு நடத்தாதீர்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதிய குறிப்பு பார்த்தவுடன் தெரிந்துவிடும், எல்லாம் ஒரே பேனா மையில் இருக்கும். தொண்ணூறு நாளுக்குள் விசாரணை, அடுத்த பத்து நாளில் அறிக்கை. ஆண் பேராசிரியர்கள் சிலர் என்னிடம், "சட்டமே எங்களுக்கு எதிராக இருக்கிறதே" என்று வருத்தப்பட்டதுண்டு. இந்த நடைமுறைகளைப் படித்துக் காட்டினால் வருத்தம் பாதி குறைகிறது.

எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதிலும் குழப்பம். "நேரில் பார்த்த சாட்சி இல்லையே" என்று கையை விரிக்கும் குழுக்கள் உண்டு. மூடிய அறையில் வைவா நடத்திய ஒருவரை யார் பார்த்திருப்பார்கள்? சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோல். உங்கள் முன் இருப்பது சிவில் வழக்கின் அளவுகோல்: இரு தரப்பையும் சீர்தூக்கினால் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று படுகிறதா? அன்று மாலையே தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, திடீரென்று அந்தப் பாடத்துக்கு மட்டும் போகாமல் நின்ற வருகைப் பதிவு, முந்தைய பேட்ச் மாணவி ஒருத்தி சொல்லும் இதே மாதிரியான சம்பவம் எல்லாம் எடைபோடத் தக்கவை. அப்படியும் நிரூபணமாகவில்லை என்றால் அதை எழுதிவிட்டு முடியுங்கள். அதற்காகப் புகார் பொய் என்று ஆகிவிடாது. நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

விசாரணை நடக்கும் தொண்ணூறு நாளும் அவள் அதே வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. இன்டர்னல் மார்க் அவர் கையில். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து அவர் போட வேண்டும். ஆய்வு மாணவி என்றால் இன்னும் மோசம்: கைடின் கையெழுத்து இல்லாமல் ஆறு மாத அறிக்கை நகராது, சினாப்சிஸ் நகராது, உதவித்தொகைப் பட்டியலும் நகராது. எந்த மிரட்டலும் தேவையில்லை. "நாளைக்கு வா" என்று பத்து முறை சொன்னால் போதும். குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய வேலையை மதிப்பிடக் கூடாது என்று இடைக்காலப் பரிந்துரை செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. மார்க்கை வேறு ஆசிரியர் போடட்டும், ரெக்கார்டை வேறு ஆசிரியர் திருத்தட்டும், கைடை மாற்றட்டும். முதல் அமர்விலேயே இதை எழுதுங்கள். பல குழுக்கள் அவளுக்கு 'மன அமைதிக்காக' லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் இரக்கம் காட்டியதாக நினைத்துக்கொள்கின்றன. அவள் கேட்காத லீவு அவளுக்குத் தண்டனை. அட்டெண்டன்ஸ் குறைந்து கண்டோனேஷன் ஃபீஸ் கட்டும்போது அது தெரியும்.

மாணவிகளோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டுக்காண்டு நியமனம் புதுப்பிக்கப்பட வேண்டிய கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்கிக் கழிப்பறை கழுவும் அக்கா, விடுதிச் சமையலில் இருக்கும் பெண்கள், இவர்கள் எல்லாரும் உங்கள் குழுவுக்கு உட்பட்டவர்களே. ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் பாதிக்கப்படுவதை யு.ஜி.சி. விதிமுறை பெயர் சொல்லியே ஏற்கிறது. விடுதியில் ஒரு பையனுக்கு நடந்ததை 'பசங்க விளையாட்டு' என்று ஒதுக்க உங்களுக்கு உரிமையில்லை.

சாதி விவகாரத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது, ஏனென்றால் நம் கல்லூரிகளில் பாலியல் புகாருக்காவது ஒரு குழு பெயரளவில் இருக்கிறது. சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக யு.ஜி.சி. 2012-ல் விதிமுறை போட்டது. சம வாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் வேண்டும், புகாரில் 60 நாளுக்குள் முடிவு வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று இப்போது, இந்த வரியைப் படிக்கும்போது, உங்களால் சொல்ல முடிகிறதா?

இந்தப் புகார் ஒரே நாளில் நடந்த ஒரே சம்பவமாக வராது. சுகதேவ் தோரட் குழு 2007-ல் டெல்லி எய்ம்ஸ் பற்றிக் கொடுத்த அறிக்கையில் இருந்ததும் அதுதான்: வைவாவில் நடத்தப்படும் விதம், விடுதியில் ஒதுங்கி ஒரே தளத்தில் சேர்ந்து வாழ வேண்டிய நிலை, மெஸ்ஸில், விளையாட்டில் ஒதுக்கல் என்று சிறிது சிறிதாகச் சேர்ந்தது. குழு உட்கார்ந்து "எந்தத் தேதியில் நடந்தது?" என்று கேட்டால் அந்த மாணவன் என்ன சொல்வான்? முதல் நாள் கட்-ஆஃப் மார்க் கேட்டதைச் சொல்வானா, லேபில் அவன் தொட்டதை மட்டும் இன்னொரு முறை துடைத்ததைச் சொல்வானா, "நீயெல்லாம் எப்படியும் கோட்டாவில் பாஸ் ஆயிடுவ" என்று சிரித்ததைச் சொல்வானா? ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். அதனால் காலவரிசையாக மொத்தத்தையும் எழுதி வாங்கி, அதே துறையில் முந்தைய ஆண்டு மாணவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். மதிப்பெண் பதிவேட்டில் எழுத்துத் தேர்வுக்கும் வைவாவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது பேசும்.

தலித் மாணவி ஒருத்தி பாலியல் புகாரோடு வந்து, அவர் சாதியைச் சொல்லியும் திட்டினார் என்றால், பல குழுக்கள் "சாதி எங்க வேலை இல்லைம்மா, அதை எஸ்.சி., எஸ்.டி. செல்லில் குடு" என்கின்றன. அங்கே போனால் "முதலில் விசாகா கமிட்டி முடிக்கட்டும்" என்கிறார்கள். இரண்டு கதவுக்கு நடுவே அவள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்ததை இரண்டாகக் கிழிக்காதீர்கள். முழுதாகப் பதிவு செய்து, நகலை மற்ற அலுவலருக்கு நீங்களே அனுப்புங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் போலீசில் கொடுக்க வழியிருப்பதையும் அவளிடம் சொல்லுங்கள். சாதிப் பாகுபாடு காரணமாகச் சொல்லப்பட்ட இரண்டு மரணங்களை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தது 2016 ஜனவரி 17. மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் படித்த, பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த பாயல் தாட்வி இறந்தது 2019 மே 22. இருவரின் தாய்மாரும் சேர்ந்து அந்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் கேட்டது புதிய சட்டமல்ல. இருக்கிற 2012 விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான்.

குழு வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு: ஒடிசாவின் பாலசோரில் பக்கீர் மோகன் தன்னாட்சிக் கல்லூரியில் பி.எட். படித்த மாணவி, துறைத் தலைவர்மேல் கல்லூரியிடம் பாலியல் தொந்தரவுப் புகார் கொடுத்திருந்தார். பலனில்லை என்று கல்லூரி வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 2025 ஜூலை 14 அன்று இறந்தார். துறைத் தலைவரோடு முதல்வரும் கைதானார். இங்கே, சென்னை கலாக்ஷேத்ராவில், 2023 மார்ச் இறுதியில் பாலியல் தொந்தரவுக்கு எதிராக மாணவர்கள் வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். உள் விசாரணையின்மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள். அடுத்த மாதமே உதவிப் பேராசிரியர் ஒருவர் கைது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி விசாரணைக் குழு. புகார் வெளியே போனதால் பெயர் கெட்ட நிறுவனங்கள் இவை என்று சிலர் பேசுகிறார்கள். உள்ளே கேட்க ஆள் இருந்திருந்தால் வெளியே போக வேண்டிய தேவை என்ன?

ராகிங்கை நம் கல்லூரிகள் எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபின், 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. இன்றைக்கு எந்தக் கல்லூரி வாசலிலும் ராகிங் எதிர்ப்பு போர்டு, எண்ணோடு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி வாங்குகிறார்கள். மனம் இருந்தால் முடிகிறது. உங்கள் குழுவின் பெயர்ப் பலகை மட்டும் ஏன் முதல்வர் அறைக்குள், அதுவும் ஆங்கிலத்தில், காலண்டருக்குப் பின்னால் தொங்குகிறது?

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில், ஒவ்வொரு வகுப்புக்கும் குழுவின் தலைவர் நேரில் போய்ப் பத்து நிமிடம் தமிழில் பேசுங்கள். உங்கள் முகத்தையும் போன் எண்ணையும் காட்டுங்கள். விடுதிக்கும், துப்புரவுப் பணியாளர்கள் உட்காரும் இடத்துக்கும் போய் அதையே சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் கையெழுத்து பற்றியது. ஆண்டு முடிந்ததும் மாவட்ட அலுவலருக்கு அனுப்பும் அறிக்கையை ஆபீசில் டைப் செய்து கொண்டுவருவார்கள். 'பெறப்பட்ட புகார்கள்: இல்லை' என்று இருக்கும். அந்த ஆண்டில் வாய்மொழியாக வந்து, பேசி அனுப்பப்பட்டவை எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அவற்றைச் சேர்க்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால், காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவிலிருந்து விலகுங்கள், நகல் ஒன்றை மாவட்ட அலுவலருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தியான வெளி உறுப்பினர்